பன்னீர் திராட்சையின் பிரெஞ்சு உறவு

ராயபுரம், திருவொற்றியூர்த் தெருக்களில் தள்ளுவண்டிகளில் விற்பனைக்கு வரும் கருநீலப் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பள்ளத்தாக்கின் விளைச்சல் என்பது பலர் அறிந்ததே. ஆயினும் அது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய வகை என்பதும், தென்பிரான்சின் வாந்தூ மலையடிவாரத்தில் இன்றும் உண்பதற்கென்றே பயிரிடப்படுகிறது என்பதும் வியப்புக்குரியவை.

செவ்வொயினுக்குப் பிரெஞ்சு வட்டாரங்கள் நம்புபவை வேறு: பர்கண்டியில் பினோ நுவார், போஜொலேயில் கமே, வட ரோன் பள்ளத்தாக்கில் சிரா. இவற்றின் சாறு ஏறத்தாழ நிறமற்றது. தோலோடு சேர்ந்து நொதிக்கும்போதுதான், தோலிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமியும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அதில் இறங்குகின்றன. பன்னீர் திராட்சையின் பெருமையோ துவர்ப்பில் இல்லை. டெர்பீன்கள் எனப்படும் நறுமணச் சேர்மங்கள் தரும் அந்த ரோஜா வாசனையில் இருக்கிறது, தமிழர் சூட்டிய பெயரும் அதையே மிகப் பொருத்தமாகச் சொல்கிறது.