மாரி முதலிரவும் தவளைகளின் வரவும்

மட்டக்களப்பு வாவி என்றவுடன் பாடும் மீனை நினையாதார் இலர். கல்லடிப் பாலத்தருகே, நிலவு எறிக்கும் இரவிலே, தோணியிலிருந்து செவிமடுப்போர்க்கு நீரடியிலிருந்து ஓர் இன்னோசை கேட்கும் என்பது இந்நாட்டார் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தி. விபுலானந்த அடிகளும் அவ்வோசையிலே உள்ளந்தோய்ந்து பாடினார். ஆனால் ஆண்டுதோறும் நம் வீட்டு வாயிலிலேயே எழுவதும், தோணியும் துடுப்பும் வேண்டாது கேட்கத்தக்கதுமான வேறோர் இசையை நாம் பொருட்படுத்துவதில்லை. மாரியின் முதன்மழை பெய்த இரவிலே பள்ளங்களிலும் மடுக்களிலும் எழும் தவளைகளின் ஆரவாரமே அஃது. அவை எங்கிருந்து வருகின்றன, ஏன் அவ்விரவைத் தேர்கின்றன, பெருங்குளம் இருக்கச் சிறுபள்ளத்தை ஏன் நாடுகின்றன என்னும் வினாக்களுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரிலும் நிலத்திலுமாக வாழ்வு நடத்தும் முள்ளந்தண்டு விலங்குகளை ஈரூடகவாழிகள் என்பர். இவை மூன்று பிரிவின. வாலற்ற தவளையும் தேரையும் ஒரு பிரிவு; வாலுடைய சலமாண்டர்கள் இரண்டாம் பிரிவு; காலற்று, மண்புழுவைப் போன்று மண்ணினுள் வாழ்வன மூன்றாம் பிரிவு. இலங்கையிலே முதலாவதும் மூன்றாவதும் உள, சலமாண்டர் இல்லை. பல்லியின் வடிவும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட அவ்வுயிர் பெரும்பாலும் வடபாற் குளிர்நாடுகளுக்கு உரியது. இந்தியாவிலும் இமயச் சாரலிலும் வடகீழ் மலைப்பகுதிகளிலும் மட்டுமே அதனைக் காணலாம். டார்ஜிலிங் மாவட்டத்து ஜோர்பொக்ரி என்னுமிடத்திலே அதன்பொருட்டு 1985ஆம் ஆண்டில் ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது.

நம் நாட்டில் இல்லாத உயிரைப் பற்றி இங்கே கூறுதற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவின் கீழ்ப்பாற் காடுகளிலே மஞ்சட் புள்ளிகளையுடைய ஒருவகைச் சலமாண்டர் வாழ்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியை அது சருகின் கீழும் சிறுவிலங்குகளின் வளைகளிலும் மறைந்தே கழிக்கும். பனி உருகி, குளிர் சற்றே தணிந்து, இளவேனிலின் முதன்மழை பெய்யும் இரவிலே நூற்றுக்கணக்கானவை ஒருசேர வெளிப்பட்டுக் காட்டிலுள்ள சிறு மழைக்குட்டைகளை நோக்கி ஊர்ந்து செல்லும். இடையிலே தெரு குறுக்கிடின் வண்டிச் சில்லில் அகப்பட்டுப் பல மடியும். ஆதலின் ஊரார் கைவிளக்கேந்தி அவ்விரவுக்காகக் காத்திருந்து, அவற்றைத் தெருவின் மறுபுறத்துக்கு எடுத்துவிடுதலைத் தம் கடனாகக் கொண்டனர். மசச்சூசெற்ஸ் மாநிலத்து அமெர்ஸ்ற் நகரிலே 1987ஆம் ஆண்டில், சலமாண்டர்கள் கடந்து செல்வதற்கென்றே தெருவின் கீழ்ச் சிறு சுரங்க வழிகளும் அமைக்கப்பட்டன. வாய்பேசாத ஒரு சிற்றுயிரின் ஓரிரவுப் பயணத்துக்காக ஓர் ஊரே விழித்திருக்கின்றது.

அத்தகைய இரவு நமக்கும் உண்டு. அந்நாட்டார்க்குப் பனிக்காலம் எவ்வாறோ அவ்வாறே நமக்குக் கோடை; அவர்க்கு இளவேனில் எவ்வாறோ அவ்வாறே நமக்கு மாரித் தொடக்கம். மட்டக்களப்பிலே ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரி ஈறாகவுள்ள காலத்திலே வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களிலே புல் கருகி, மணல் சுட்டு, பள்ளங்களெல்லாம் வெடித்துக் கிடக்கும். வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பினும் கடலோடு கலப்பதால் உவர்நீர் உடையது. தவளையின் தோல் நீரை ஊடுசெல்லவிடும் இயல்பினதாகையால் பெரும்பாலான தவளைகளுக்கு உவர்நீர் ஒவ்வாது; முட்டைக்கும் குஞ்சுக்கும் சிறிதும் ஒவ்வாது. ஆதலின் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அமிர்தகழி போன்ற எழுவான்கரை ஊர்களிலே, மணற்றரையில் தேங்கும் மழைநீரே தவளைக் குலத்தின் தொட்டில் எனலாம்.

கோடையிலே இவை எங்கே இருந்தன? தேரை கற்குவியலிலும் மரவேரிடையிலும் ஒதுங்கியிருக்கும். மரத்தவளை கிணற்றடியிலும் குளியலறையிலும் ஈரம் தேடி ஒட்டியிருக்கும். குறுகிய வாயும் உருண்டு பருத்த உடலுமுடைய சில தவளைகளோ மண்ணைத் தோண்டி உட்புகுந்து மாதக்கணக்காகக் கிடக்கும். அவற்றின் பின்னங்காலிலே மண்வெட்டி போன்ற கடினமான புடைப்பு ஒன்று உண்டு. அதனால் மண்ணை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு பின்புறமாகவே அவை அமிழ்ந்துவிடும். மண்ணுள் இருக்கும் தவளை மழையை எவ்வாறு அறிகின்றது? அமெரிக்கப் பாலைநிலத்து மண்தோண்டித் தேரைகளை வைத்துச் செய்த சோதனையொன்று இதற்கு ஒளி தருகின்றது. மழை பெய்யாதபோதும், பொறியொன்றின் அதிர்வை நிலத்திற் செலுத்தியவுடன் அவை மேலே வந்தன. ஈரம் மட்டுமன்று, துளி விழும் அதிர்வும் அவற்றுக்கு அழைப்பாகும் என்பது இதனாற் பெறப்பட்டது.

சலமாண்டருக்குக் குரல் இல்லை. ஆதலின் அதனைக் காண விளக்கு வேண்டும். தவளைக்குக் குரல் உண்டு. ஆதலின் அதனை அறியச் செவியே போதும். கத்துவது ஆண். தொண்டைப்பை காற்றினாற் பருத்து ஒலியைப் பெருக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக்குரல் உண்டு. பெண் இருளிலே தன் இனத்தின் குரலைத் தெரிந்தே அணுகும். நமக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றுவது உண்மையிற் பல மொழிகள் ஒரே வேளையிற் பேசப்படுதலை ஒக்கும். நீண்டு அதிரும் குரல் தேரைக்குரியது. மாடு கதறினாற்போல் எழுவது நீரில் மிதந்துகொண்டே கத்தும் குறுவாய்த் தவளையின் குரல். கட்டைவிரல் நுனியளவேயுள்ள மற்றொரு தவளை தன் உடலுக்குப் பொருந்தாப் பேரொலி எழுப்பும். இக்குறுந்தவளை வகையிலே உலர்வலயத்துக்குரிய ஒன்று, நெடுங்காலம் இந்திய இனமென்றே கருதப்பட்டு, 2016ஆம் ஆண்டிலேதான் வேறினமெனத் தெளியப்பட்டு, மிகிந்தலையின் பெயரைப் பெற்றது. நம் காலடியில் வாழ்வனவற்றையும் நாம் முற்றும் அறிந்திலேம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கத்துதலால் வரும் தீங்கும் உண்டு. துணையை அழைக்கும் குரலே பாம்புக்கும் பறவைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நுணல் தன் வாயாலே கெடும் என்னும் பழமொழி இதனை நன்கு நோக்கிய ஒருவர் வாயிற் பிறந்ததே ஆதல் வேண்டும். நம் முன்னோர் இவ்வுயிரைக் கூர்ந்து நோக்கியவர் என்பதற்கு வேறு சான்றுகளும் உள. நன்னூலார் கூறும் சூத்திர நிலைகளுள் ஒன்று தவளைப் பாய்த்து என்பது. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்து 103ஆம் சூக்தமோ முழுவதும் தவளைகளைப் பற்றியது. ஓராண்டு நோன்பிருந்து மௌனம் கலைக்கும் அந்தணரோடு, மழை கண்டு குரலெழுப்பும் தவளைகளை அது ஒப்பிடுகின்றது. இலக்கணம் வகுத்தோர் அதன் பாய்ச்சலை நோக்கினர். வேத முனிவர் அதன் குரலை நோக்கினர். நாமோ இரண்டையும் நோக்காதிருக்கின்றோம்.

ஆரவாரம் அடங்கிய மறுநாட் காலையிலே பள்ளத்தருகே சென்று பார்ப்பின் அவ்விரவின் பயன் புலனாகும். நீர்ப்பூண்டுகளிடையே கருமணி கோத்த நூல்போல் இரட்டைச் சரமாகக் கிடப்பது தேரையின் முட்டை. நீர்மேற் கவிந்த கிளையிலோ மதிற்சுவரிலோ வெண்ணுரைத் திரளாக ஒட்டியிருப்பது மரத்தவளையின் கூடு. குஞ்சுகள் பொரித்தபின் நுரை கரைந்து நீரிலே வீழ்வன. சில நாட்களில் நீர் முழுவதும் வாற்பேய்கள் நெளியும். குறுந்தவளையின் வாற்பேய் பளிங்குபோல் ஊடுருவித் தோன்றும். பின்னங்கால் முளைத்து, முன்னங்கால் முளைத்து, வால் ஒடுங்கி, செவுள் நீங்கிச் சுவாசப்பை தொழிற்படுதற்குச் சில வாரங்கள் வேண்டும். அதற்குள் நீர் வற்றின் அத்தலைமுறை அழியும். வற்றுமுன் கரையேறுதலே அவற்றின் வாழ்வுப் போட்டியாகும்.

அங்ஙனமாயின் வற்றாத குளத்தை அவை நாடாதது ஏன்? இவ்வினாவின் விடையிலேயே இப்பொருளின் மையம் உள்ளது. அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்துத் தீர்த்தக்குளத்தை நினைத்துக்கொள்வோம். ஆடி அமாவாசையிலே, கோடையின் நடுவே, அடியார் திரண்டு நீராடும் குளம் அது. மக்களுக்கு அத்தகைய நிலைநீர் பெரும்பேறு. ஆனால் ஆண்டு முழுதும் நீர் நிற்கும் இடத்திலே மீன் வாழும். மீன் வாழும் இடத்திலே முட்டையும் வாற்பேயும் தப்புதல் அரிது. 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீன் பல நன்னீர் நிலைகளிலும் பரவியபின் இவ்விடர் மிகுந்தது. கோடையில் வற்றும் பள்ளத்திலோ மீன் நிலைத்து வாழ இயலாது. வற்றுதலைக் குறையென்று நாம் எண்ணுகின்றோம். தவளைக்கு அதுவே காவல். அமெரிக்கச் சலமாண்டர் காட்டுக் குட்டையை நாடுவதற்கும் இதுவே காரணம். இரு நாடுகள், இருவேறு உயிர்கள். ஆயினும் நியதி ஒன்றே.

இதனை உணராமையால் விளையும் கேடு பெரிது. வற்றிக் கிடக்கும் பள்ளக்காணியைப் பயனற்ற நிலமென்று கருதிக் கிறவல் கொட்டி நிரப்புவதும், வளவுகளுக்கு மதில் எழுப்பி மதகில்லாத் தெருவினால் நீரோட்டத்தை மறிப்பதும் நம் ஊர்களில் நாடோறும் காண்பனவே. மாரியிலே வெள்ளம் வீட்டினுள் புகும்போதுதான் அப்பள்ளம் மனிதருக்கும் பயன்பட்டது என்பது நினைவுக்கு வருகின்றது. தேங்கிய நீரால் நுளம்பு பெருகும் அன்றோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனால் டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது சிரட்டை, ரயர், தகரப்பேணி முதலியவற்றில் நிற்கும் சிறிதளவு தெளிநீரிலே. தும்பியின் குடம்பிகளும் நீர்வண்டுகளும் வாழும் மழைப்பள்ளத்திலே நுளம்புக் குடம்பிகள் பல இரையாகிவிடும். ஆதலின் துப்புரவு செய்ய வேண்டியது வளவிலுள்ள சிரட்டையையே. தூர்க்க வேண்டியது பள்ளத்தை அன்று.

பேராசிரியர் கீர்த்திசிங்க இலங்கையின் ஈரூடகவாழிகளைப் பற்றிய நூலை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளால் இன்று அறியப்பட்ட இனங்கள் நூறினும் மிக்கன. அவற்றுட் பெரும்பாலானவை இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லை. ஆயின் முன்னொரு காலத்திற் பிடித்து அரும்பொருளகங்களிற் சேமித்தவற்றுட் பல இனங்கள் இன்று உயிருடன் காணப்படவில்லை. உலகளவிலும், 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீட்டின்படி, ஈரூடகவாழி இனங்களில் ஏறத்தாழ 41 சதவீதம் அழியும் நிலையில் உள்ளன. மலைநாட்டு அரிய இனங்களுக்குக் காவலர் உளர். நம் ஊர்ப் பள்ளத்துப் பொதுவான தவளைக்குக் காவலர் யார்?

மாணவரே அக்காவலராகலாம். இதற்கு ஆய்கூடமோ பெருஞ்செலவோ வேண்டா. ஒரு கொப்பி, ஒரு கைவிளக்கு, நேரான விளிம்புடைய ஒரு தகரப்பேணி ஆகிய மூன்றும் போதும். கோடை முடிந்து முதற் பெருமழை பெய்த நாள், பேணியில் நின்ற நீரின் ஆழம், முதற்குரல் கேட்ட நேரம், வேறுபடுத்தி அறியக்கூடிய குரல்களின் தொகை, முட்டை கண்ட நாள், குஞ்சு கரையேறிய நாள், பள்ளம் வற்றிய நாள் என்பவற்றை ஆண்டுதோறும் ஒரே பள்ளத்தில் நின்று குறித்தல் வேண்டும். தெருவில் நசுங்கிக் கிடப்பவற்றின் எண்ணிக்கையையும் மறவாது எழுதுதல் நன்று. தவளை வரும் இடத்துக்குப் பாம்பும் வருமாதலின் தனியே செல்லாமல், காலணியுடனும் விளக்குடனும் பெரியோர் துணையுடனும் செல்க. தேரையின் தோலிலே நஞ்சு உண்டாகையால் அதனைத் தொட்டகை கழுவாது கண்ணையோ வாயையோ தொடலாகாது. முட்டையையும் வாற்பேயையும் அள்ளி வருதல் வேண்டா. நோக்குதலே நம் பணி.

இத்தகைய குறிப்பினால் யாது பயன் எனின், இங்கிலாந்திலே நோர்போக் பகுதியில் வாழ்ந்த றொபேட் மார்சம் என்பவர் 1736ஆம் ஆண்டு தொடங்கி, முதன்மலர் பூத்த நாளையும் பறவை வந்த நாளையும் தவளையும் தேரையும் முதற்குரல் எழுப்பிய நாளையும் குறித்துவந்தார். அவர்க்குப்பின் அவர் குடும்பத்தார் 1958ஆம் ஆண்டுவரை அக்குறிப்பைத் தொடர்ந்தனர். எழுதிய காலத்தில் ஒருவரின் பொழுதுபோக்காகத் தோன்றிய அவ்வேடுகள், இன்று பருவகாலம் பிறழ்ந்துவருதலை ஆராய்வோர்க்கு அரிய சான்றாகப் பயன்படுகின்றன. நம் மாரியும் முன்போற் குறித்த காலத்தே வருவதில்லை என முதியோர் கூறக் கேட்கின்றோம். அக்கூற்றை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ நம் ஊர்த் தவளையின் முதற்குரலைக் குறித்த ஏடு நம்மிடம் வேண்டும். அதன் முதற்பக்கத்தை வரும் மாரியிலே, மழை தொடங்கும் இரவிலே எழுதத் தொடங்குவோமாக.