கம்ப்யூட்டரில் பதிந்தது டி.வி.யில் தெரியுமா?

நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பரண் மேலோ கட்டிலுக்கு அடியிலோ தூங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் எப்போதோ பதிவு செய்த டி.வி. நிகழ்ச்சிகள் நாலைந்தாவது இருக்கும். "இடத்தை அடைக்கிறது, காயலான் கடைக்குப் போடுங்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். போடுவதற்கு முன் இக்கட்டுரையை ஒரு முறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால், நான் கிட்டத்தட்ட போட்டே விட்டவன்!

2010ஆம் ஆண்டு. நான் அப்போது ரயில்வேயில் வேலையில் இருந்தேன். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த கேபிளில் தமிழ்ச் சேனல்கள் உண்டு. ஆனால் நான் வீடு திரும்பும் நேரத்துக்கு நல்ல நிகழ்ச்சிகள் எல்லாம் முடிந்திருக்கும். எனவே எஸ்.பி. ரோடுக்குப் போய் ஒரு டி.வி. ட்யூனர் கார்டு வாங்கி வந்து கம்ப்யூட்டரில் பொருத்தினேன். கேபிள் ஒயரை அதில் சொருகி நேரத்தைக் குறித்துவிட்டால், நாம் இல்லாவிட்டாலும் அது பதிவு செய்துவிடும். டிசம்பர் கச்சேரிகள், பட்டிமன்றங்கள் என்று நிறையச் சேர்த்தேன். அவற்றில் ஒன்றுதான் இந்தக் கதைக்குக் காரணம்.

என் மாமனார் மன்னார்குடி பக்கத்து விவசாயி. அந்த ஆண்டு பொதிகையின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சிக்காக அவருடைய வயலுக்கு வந்து படம் எடுத்தார்கள். ஒளிபரப்பாகும் நாளை ஊரிலிருந்து போன் செய்து சொன்னார். அரை மணி நேர நிகழ்ச்சியில் அவர் வருவது எட்டு நிமிடம். முழுவதையும் பதிந்து வைத்தேன். 2014இல் அவர் காலமானார். கல்யாணப் புகைப்படங்கள் சில இருக்கின்றன. ஆனால் அவர் நடந்து, கையை நீட்டி, வாய்விட்டுப் பேசுவது இந்த எட்டு நிமிடத்தில் மட்டும்தான்.

சென்ற தீபாவளிக்கு ஸ்மார்ட் டி.வி. வாங்கினோம். "தை மாதம் அப்பா திதிக்கு எல்லோரும் வருகிறார்கள். அன்றைக்கு இதில் போட்டுக் காட்டுங்கள். பேத்தி அவரைப் பார்த்ததே இல்லையே" என்றாள் என் மனைவி. இதென்ன பெரிய காரியம் என்று பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, பைலை பென் டிரைவில் ஏற்றி, டி.வி.யில் சொருகினேன். திரையில் பெயர் தெரிந்தது. அழுத்தினால், "இந்த பைலை இயக்க இயலாது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம். அவ்வளவுதான்.

போதாததற்கு அந்த ஹார்ட் டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திரங்களோடு பழகியவனுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் புரியாமல் இருக்குமா? உள்ளே சுழலும் தட்டும் அதைப் படிக்கும் முனையும் தேய்ந்துவிட்டால் ஒரு நாள் மொத்தமாகப் படுத்துவிடும். "என்னங்க, அப்பா குரல் போயிடுமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அவசரத்தில் நான் செய்தது பெரிய தவறு. பைல் பெரிதாக இருப்பதுதான் கோளாறு என்று நானே முடிவு கட்டி, இலவசமாகக் கிடைத்த ஒரு புரோகிராமில் போட்டுச் சின்னதாக மாற்றினேன். டி.வி.யில் படம் வந்தது. ஆனால் மாமனாரின் முகம் சாயம் போன துணிபோல் இருந்தது. அவர் கையை வீசினால் விரல்களைச் சுற்றிச் சீப்புப் பல்லைப்போல் கோடுகள். உதடு முதலில் அசைய, பேச்சு பிறகு வந்தது. மெலிந்த மனிதரான அவர் அகலத் திரையில் குண்டாக வேறு தெரிந்தார்! என் மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நல்ல வேளையாக அசல் பைலை நான் அழிக்கவில்லை.

எதிர் வீட்டில் ஒரு சாப்ட்வேர் பையன் இருக்கிறான். அவன்தான் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அங்கிள், உள்ளே இருக்கிற படமும் சத்தமும் நன்றாகத்தான் இருக்கின்றன. வெளியே இருக்கிற உறைதான் டி.வி.க்குப் புரியவில்லை." அதன் பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. ரயில்வேக்காரன் என்பதால் என் பாஷையிலேயே சொல்கிறேன்.

முன்பு பெங்களூரில் இரண்டு வகைப் பாதைகள் இருந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து வருவது பிராட் கேஜ், 1,676 மில்லிமீட்டர் அகலம். மைசூர்ப் பக்கத்திலிருந்து வருவது மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். ஒன்றின் வேகன் மற்றதில் ஓடாது. மைசூர்ப் பக்கம் போகவேண்டிய மூட்டையை இந்த வேகனிலிருந்து இறக்கி அந்த வேகனில் ஏற்ற வேண்டும். அதற்காக மூட்டையைப் பிரித்து அரிசியை மாவாக அரைப்பார்களா? மாட்டார்கள். மூட்டை மூட்டையாகவே இருக்கும். வேகன் மட்டும் மாறும்.

டி.வி. பைலும் அப்படித்தான். படம் ஒரு மூட்டை, சத்தம் ஒரு மூட்டை, இரண்டையும் ஏற்றிய வேகன் ஒன்று. என் பதிவு விண்டோஸ் 7இல் இருந்த 'மீடியா சென்டர்' செய்தது. அது 'டபிள்யூ.டி.வி.' என்ற தனி வேகனில் ஏற்றும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாப்ட் மீடியா சென்டரையே நிறுத்திவிட்டது. அந்த வேகன் ஓடும் பாதை என் டி.வி.யில் இல்லை. ஆனால் உள்ளே இருந்த படம் 'எம்பெக்-2', டி.வி.டி.களில் உள்ள அதே ரகம். பெரும்பாலான டி.வி.களுக்கு அது நன்றாகவே புரியும்.

ஆகவே வேகனை மட்டும் மாற்றினோம். 'எப்.எப்.எம்பெக்' என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவுகிறது. படத்தையும் சத்தத்தையும் அப்படியே நகல் எடுத்து 'டி.எஸ்.' என்ற வேறு வேகனில் ஏற்றச் சொன்னால், அரை மணி நேரப் பதிவு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தரம் இம்மியளவும் குறையாது.

நான் முதலில் செய்ததில் சீப்புக் கோடுகள் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அதில் காட்சி தெரிவது 576 வரிகள். ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 அரைப் படங்களாக அனுப்புவார்கள். பழைய குழாய் டி.வி. அவற்றை அதே வரிசையில் காட்டும். புதிய தட்டைத் திரை எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இரண்டு அரைப் படங்களுக்கு நடுவே கை அசைந்துவிட்டால் வரிகள் ஒட்டாமல் பல் பல்லாகத் தெரியும். இதைச் சரிசெய்யும் வேலையை டி.வி. தானே செய்யும். நாம் மாற்றும்போது அதைக் கவனிக்காமல் மாற்றினால் கோடுகள் படத்திலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, அசலை வேறு இரண்டு டிஸ்க்குகளில் நகல் எடுப்பது. மற்றதெல்லாம் பிறகுதான். அசலை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.

இரண்டாவது, 'வி.எல்.சி.' என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் மூட்டை பத்திரமாக இருக்கிறது என்று பொருள். ஆண்ட்ராய்டு வகை டி.வி.யாக இருந்தால் வி.எல்.சி.யை டி.வி.யிலேயே ஏற்றிக்கொள்ளலாம். பல சமயம் மாற்றும் வேலையே மிச்சமாகும்.

மூன்றாவது, பென் டிரைவைக் கவனியுங்கள். பழைய 'ஃபேட்-32' முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைலை ஏற்காது. நொடிக்கு 6 மெகாபிட் என்ற கணக்கில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 ஜி.பி. ஆகும். இரண்டு மணி நேரக் கச்சேரி 5.4 ஜி.பி.; இடம் இருந்தும் ஏறாது! 'எக்ஸ்-ஃபேட்' அல்லது 'என்.டி.எப்.எஸ்.' முறையில் அமைத்தால் ஏறும். எதை உங்கள் டி.வி. ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அமைக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

நான்காவது, உறவினர்களுக்கு செல்போனில் அனுப்ப வேண்டும் என்றால் சிறிதாக்கத்தான் வேண்டும். அதற்கு 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில், வரிகளைச் சேர்க்கும் 'டி-இன்டர்லேஸ்' வசதியைப் போட்டு, 'எச்.264' முறையில் 'எம்.பி.4' பைலாக மாற்றுங்கள்.

ஐந்தாவது, டி.வி.யின் பட அளவை 4:3 என்று வையுங்கள். ஒல்லியானவர்கள் ஒல்லியாகவே தெரிவார்கள். இவை எதுவுமே சரிப்படவில்லை என்றால் லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளால் டி.வி.யோடு இணைத்து ஓட்டிவிடலாம். அது கடைசிக் கை.

செட்டாப் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெங்களூரில் கேபிளை டிஜிட்டலாக மாற்ற அரசு வைத்த கெடு 2013 மார்ச் 31. அதன் பின் என் ட்யூனர் கார்டுக்கு வேலை போயிற்று. பாக்ஸிலேயே பதிந்துகொள்ளும் வசதி பலவற்றில் உண்டு. ஆனால் பொதுவாக அந்தப் பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும். பதிந்த பாக்ஸில் மட்டுமே ஓடும். எங்கள் மருமகள் ஆசையாகப் பதிந்து வைத்த மார்கழிக் கச்சேரி ஒன்று, பாக்ஸ் பழுதாகி வேறு வந்தபோது போயே போய்விட்டது. டிஸ்க் கையில் இருந்தும் சாவி இல்லை.

"டி.வி. நிலையத்தில் இருக்காதா?" என்று கேட்கலாம். ஒளிபரப்பான அனைத்தையும் எந்த நிலையமும் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. லண்டன் பி.பி.சி.யே 1960களிலும் 70களிலும் எத்தனையோ நிகழ்ச்சிகளின் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2012இல் காலமாகும்வரை வீட்டிலேயே டி.வி. செய்திகளை இரவு பகலாகப் பதிந்தார். சுமார் 70,000 கேசட்டுகள்! இன்று அவை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற அமைப்பிடம் இருக்கின்றன. நிலையங்களே வைத்துக்கொள்ளாதவற்றை ஒரு வீட்டு அலமாரி காப்பாற்றியிருக்கிறது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குப் பதிந்துகொள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. விற்பதும் ஊருக்கெல்லாம் வினியோகிப்பதும் வேறு விஷயம். அதில் இறங்க வேண்டாம்.

திதியன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். படம் ஓடியது. திருந்திய நெல் சாகுபடியைப் பற்றி மாமனார் விளக்குகிறார். பதினான்கு நாள் நாற்று, இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி என்று சொல்லிவிட்டு, வரப்பில் நின்று ஒற்றை நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "குத்துக்கு ஒண்ணே ஒண்ணு போதுங்க. இடம் விட்டு வச்சா அது தானா தூர் கட்டும்" என்கிறார். பொதிகை என்ற பெயரே 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' என்று மாறிவிட்டது. குரல் மட்டும் அன்று கேட்டது போலவே இருந்தது.

கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசும் எங்கள் பத்து வயதுப் பேத்தி, "பாட்டி, தூர் கட்டும்னா என்ன?" என்று கேட்டாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தாள். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு என்று அது விளக்கேற்றும் நேரம்வரை நீண்டது. அதற்குள் பேத்தி அந்த எட்டு நிமிடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டு டிஸ்க்கும் என்றாவது ஒரு நாள் 'டிக், டிக்' என்று சொல்லும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள்.