கரிசல் மண்ணில் காரை இறக்கினால்... கழலாத போல்ட்டில் காத்திருக்கும் ஆபத்து!

பசுவந்தனை-

பழைய காரை வாங்குவது, ஸ்பிரிங்கை அறுப்பது, தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவது. இந்த ஆசை வந்த இளைஞர்கள் முதலில் முட்டிக் கொள்வது காருக்கு அடியில் இருக்கும் போல்ட்டில்தான்.

அந்தப் போல்ட்டு கழலாது. அங்கேதான் வினை ஆரம்பம் ஆகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியை அடுத்த பசுவந்தனை, கரிசல் பூமி. உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் விளையும் மானாவாரி நிலம். கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை போல ஒட்டும். காட்டுப் பாதையில் ஒரு தடவை போய் வந்தால் போதும், சக்கரத்துக்கு உள்பக்கம் மண் அடை அடையாய் அப்பிக் கொள்ளும்.

மேலே காய்ந்து இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். கரிசல் களிமண் தண்ணீரை லேசில் விடாது. அந்த ஈரத்தில்தான் போல்ட்டு வருடக்கணக்கில் ஊறிக் கிடக்கிறது. தூத்துக்குடி உப்பளம் பக்கம் போய் வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்!

குழாய்க்குள் சிக்கிய போல்ட்டு

நட்டு இறுகிப் போவது சின்ன விஷயம். பெரிய தொல்லை புஷ்ஷில்தான் இருக்கிறது.

ரப்பர் புஷ்ஷுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் இருக்கும். போல்ட்டு அதற்குள் நுழைந்து போகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னை விட அதிக இடத்தை அடைக்கும். குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளி அடைபட்டு, ரெண்டும் ஒன்றாகி விடும்.

நட்டு கழன்று வந்து விட்டதே என்று சந்தோஷப்படுவார்கள். போல்ட்டைத் திருப்பினால் குழாயும் கூடவே சுற்றும். ரப்பர் முறுக்கிக் கொள்ளும். ஸ்பானரை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பி விடும். நாள் பூராவும் திருப்பினாலும் இதே கதைதான்.

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 காரில், முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையில் இப்படிச் சிக்கும். அம்பாசடர், பத்மினி கார்களில் பின்பக்கப் பட்டையைப் பிடித்து இருக்கும் சாக்கிளும் யு போல்ட்டும் மக்கர் செய்யும். யு போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியது இல்லை. அறுத்து எறிந்து விட்டுப் புதுசு போடுவதுதான் புத்திசாலித்தனம்.

“இன்னும் ஒரு தம் பிடிடா!”

உயிருக்கு உலை வைப்பது அவசரம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவன் காருக்கு அடியில் படுத்து இருப்பான். ஸ்பானரில் நீளமான குழாயை மாட்டி இன்னொருவன் தொங்குவான். “இன்னும் ஒரு தம் பிடிடா!” என்பான் பக்கத்தில் நிற்பவன். போல்ட்டின் தலை ஒடியும். அல்லது ஜாக்கி சரியும். மாருதி 800 சின்னக் கார்தான். ஆனால் சுமார் 650 கிலோ எடை!

செங்கல்லும் சிமெண்டு கல்லும் முட்டுக் கொடுக்க உதவாது. திடீரென நொறுங்கி விடும். கெட்டியான தரையில் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் தள்ளி வைப்பது நல்லது.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதல் நாள் மாலையே வேலையைத் தொடங்கி விடுவார். தண்ணீர் பாய்ச்சி மண்ணைக் கழுவுவார். கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுரண்டுவார். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ராத்திரி ஊற விடுவார். காலையில் ஆறு பட்டை சாக்கெட்டைப் போட்டு, போல்ட்டுத் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு கொஞ்சம் இறுக்குவது, கொஞ்சம் தளர்த்துவது. முன்னும் பின்னுமாக அசைத்தால்தான் துரு பொடியாகி உதிரும்.

அதற்கும் மசியாவிட்டால் நெருப்பு. சூட்டை நட்டுக்குக் காட்ட வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. நட்டு விரிந்தால்தான் பிடி விடும். ஆனால் ஊற வைத்த எண்ணெய் தீப்பிடிக்கும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஷாக் அப்சர்பர் பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போகவே கூடாது. அங்கெல்லாம் ரம்பம் போட்டு, புஷ்ஷுக்கு ரெண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து எடுப்பதுதான் வழி. புஷ் போய் விடும். போனால் போகட்டும், ஆள் பிழைப்பான்!

அடுத்த கண்டம் ஸ்பிரிங். முன்பக்கக் காயில் ஸ்பிரிங் அமுக்கப்பட்டு நிற்கிறது. கவ்விப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் குண்டு மாதிரி பாயும். கேஸ் வைத்து ஸ்பிரிங்கை அறுப்பது அதை விட மோசம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் கெட்டு, ஓடும்போது ஒடியலாம். குட்டையான ஸ்பிரிங் பள்ளத்தில் இறங்கும்போது இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

8.8 எங்கே?

கழற்றிய பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு வாங்கும்போது தலையைப் பார்க்க வேண்டும். 8.8, 10.9 என்று பொறித்து இருந்தால் அது உறுதி கூடிய எஃகு. இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 4.6 போல்ட்டு, கேட்டுக்கும் கட்டிலுக்கும்தான் லாயக்கு.

இறுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக் கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும். காரின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்குகிறவர்கள், பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டையும் தளர்த்திப் புது உயரத்தில் இறுக்க வேண்டும் என்பது இதனால்தான். கழலவில்லை என்று அப்படியே விட்டால் புஷ் நிலைக்காது.

சோழவரமும் பசுவந்தனையும்

சென்னை அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலம் ஒன்று உண்டு. பந்தயக் காரைத் தாழ்வாக வைத்தால் திருப்பத்தில் சாயாது. அது பந்தயத் தரை. இது மாட்டு வண்டித் தடமும் வேகத்தடையும் உள்ள தரை. முறைப்படி போட்ட வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். மாருதி 800 காருக்கு அடியில் 17 சென்டிமீட்டர் இடைவெளி. அதில் 5 சென்டிமீட்டரைக் குறைத்து, நாலு பேரையும் ஏற்றினால் என்ன மிஞ்சும்?

சட்டமும் சும்மா இருக்காது. கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து பதிவுப் புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டுமே கிடைக்கலாம். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மாற்றம் அதிகாரியின் கண்ணில் படாமல் போகாது.

காரை இறக்காமல், தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்ற வருகிறவர்களுக்கும் இதே போல்ட்டுதான், இதே பாடுதான். புதுப் போல்ட்டு போடும்போது குழாய்க்குள் நுழையும் பாகத்தில் லேசாகக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை தொல்லை குறையும். மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்துக்கு உள்பக்கம் அப்பிய மண்ணைக் கழுவி விட வேண்டும். முன் சக்கரப் போல்ட்டைத் தொட்டு இருந்தால் வீல் அலைன்மெண்ட்டும் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும்.