பழைய மேக்கில் புதிய இயங்குதளம்

பழைய மேக் ஒன்றை மலிவாக வாங்கி, அதனைக் கொண்டே ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டியவர் நம்மிடையே பலர். 2012-ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோவை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் நிறுவனம் அதற்கு அளித்த கடைசி இயங்குதளம் 2019-இல் வெளியான கேட்டலினாவே. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்னும் இலவச மென்பொருளோ, 2023-இல் வந்த சொனோமாவையும் அதில் ஏற்ற வழி செய்கிறது. ஏற்றிய பின் எழும் கோளாறுகளைத் தீர்ப்பது எங்ஙனம்? அதுவே இக்கட்டுரையின் பொருள்.

நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த வரிசை. இங்கும் அதுவே பொருந்தும். இம்மென்பொருள் செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று, இயந்திரம் விழிக்கும்போதே ஓப்பன்கோர் இடைநின்று, இயங்குதளம் அப்பழைய இயந்திரத்தை ஏற்குமாறு செய்தல். மற்றொன்று, ஆப்பிள் நீக்கிவிட்ட பழைய இயக்கிகளை வட்டில் மீண்டும் பொருத்துதல். கோளாறு இவ்விரண்டில் எதைச் சார்ந்தது என அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

திரையில் தடைக்குறி தோன்றி இயந்திரம் நின்றுவிட்டதா? பெரும்பாலும் ஓப்பன்கோரைத் தாண்டி நேரே இயங்குதளத்தைத் தொடங்கியிருப்பீர்கள். ஆப்ஷன் விசையை அழுத்தியவாறு இயக்கி, ஈஎஃப்ஐ பூட் என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். வேறொரு கணிப்பொறியில் ஓப்பன்கோரை ஆக்கியிருந்தால், உங்கள் மாடலைக் குறிப்பிட்டீர்களா என்றும் பாருங்கள். யூஎஸ்பியைக் கழற்றியதும் இயந்திரம் தொடங்க மறுக்கிறதா? ஓப்பன்கோரை உள்வட்டிலும் நிறுவ வேண்டும்.

திரை நத்தையென ஊர்கிறதா? வைஃபை காணவில்லையா? அவை இரண்டாம் வேலையைச் சார்ந்தவை. அவ்வியந்திரத்தின் இன்டெல் எச்டி 4000 வரைகலைக்கான இயக்கிகள் 2021-இல் மான்டரேயிலும், வைஃபைக்கானவை சொனோமாவிலும் நீக்கப்பட்டன. ஈதர்நெட் கம்பியால் இணையத்தை இணைத்து, பேட்சரில் ரூட் பேட்ச் செய்து மறுபடி தொடங்குக. அதன் பின் திரை இருண்டுவிட்டால், ஷிஃப்ட் விசையுடன் பாதுகாப்பு முறையில் நுழைந்து அப்பேட்சை நீக்கலாம்.

நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று கெட்டதேன்? புதுப்பிப்பே காரணமாதல் கூடும். 2020-இல் வந்த பிக் சர் முதல் இயங்குதளப் பகுதி முத்திரையிடப்பட்டு வருகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பும் அப்பகுதியைப் புதிதாக மாற்றுவதால், நாம் பொருத்திய இயக்கிகள் அழிந்துபோகின்றன. மீண்டும் ரூட் பேட்ச் செய்தல் வேண்டும். ஆகவே முதலில் பேட்சரையும் ஓப்பன்கோரையும் புதுப்பித்து, அதன் பின்னரே இயங்குதளத்தைத் தொடுக. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்தல் நலம்.

ஒன்றை மறத்தலாகாது. இவ்வேலைக்காக அம்முத்திரை உடைக்கப்படுகிறது. இயங்குதளத்தின் காவலும் ஓரளவு தளர்த்தப்படுகிறது. பழைய இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவதும் ஆபத்தே. இரண்டையும் சீர்தூக்கி முடிவு செய்க. எம்முடிவாயினும், ஆய்வேட்டின் நகலை முன்கூட்டியே வேறொரு வட்டில் வைத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும் வாரத்தில் இம்முயற்சியில் இறங்காதீர்கள். இயந்திரம் கெட்டால் மீண்டும் ஏற்றலாம். ஈராண்டு உழைப்பை அவ்வாறு ஏற்ற முடியாது.