சிற்றூர்க் கணக்கு – 9: பக்கத்து நிலத்துக்காரர் சாட்சி

நிக்கோடிமஸ் ஊருக்கு ரயில் ஏன் வரவில்லை என்பதை இந்த வாரம் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். இடையில் ஒரு படிவம் கண்ணில் பட்டது. அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது, என்னால் இன்னும் அந்தப் படிவத்தைவிட்டு வெளியே வர முடியவில்லை. ரயில் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், வடமேற்கே கிரஹாம் கவுண்டி, தெற்கு சாலமன் ஆற்றங்கரை. 1877-ல் கென்டக்கியிலிருந்து வந்த கருப்பின மக்கள் உண்டாக்கிய ஊர். மேயர் இல்லை, நகராட்சி இல்லை, 2020 கணக்கெடுப்பில் 14 பேர். மற்றதெல்லாம் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

படிவத்துக்கு வருகிறேன். 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனு போடலாம். கைம்பெண்ணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும்கூட அந்த உரிமை இருந்தது. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர் அளவில் முடிந்துவிடும். ஆனால் பட்டா உடனே கைக்கு வராது. கையில் பணம் உள்ளவர் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர் ஐந்து வருடம் அதே நிலத்தில் குடியிருந்து, உழுது, பயிர் வைத்து, அதை நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்துக்கான கேள்வித்தாள்தான் நான் சொல்லும் படிவம். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன.

எந்தத் தேதியில் நிலத்தில் குடியேறினீர்கள்? வீடு எப்போது கட்டினீர்கள்? குடும்பத்தில் யார் யார்? இடையில் நிலத்தைவிட்டு வெளியே போய்த் தங்கியதுண்டா, ஏன்? எத்தனை ஏக்கர் உழுதிருக்கிறீர்கள், எத்தனை பருவம் பயிர் எடுத்தீர்கள்? இப்படிப் போகிறது. கேட்ட எல்லாவற்றுக்கும் மனுதாரர் சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். அதோடு முடியவில்லை. அவரை அறிந்த இரண்டு பேர் வந்து, ஏறக்குறைய அதே கேள்விகளுக்குத் தனித்தனியாகச் சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும். ஆள் நடமாட்டமே அரிதான அந்தப் புல்வெளியில் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? பக்கத்து நிலத்துக்காரரைத்தான். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு.

வீடு எப்போது கட்டினீர்கள் என்ற கேள்வியில் நான் நின்றுவிட்டேன். நிக்கோடிமஸில் அந்த முதல் வருடம் கட்டுவதற்கு என்ன இருந்தது? மரம் இல்லை. ஆற்றோரம் கொஞ்சம் வில்லோவும் காட்டன்வுட்டும், அவ்வளவுதான். ஆகவே தோண்டினார்கள். ‘டக்அவுட்’ என்ற குழிவீடு. சரிவான மேட்டைக் குடைவார்கள், மேடு இல்லாத இடத்தில் தரையையே தோண்டுவார்கள். குறுக்கே கம்புகள், கம்பின் மேல் சுள்ளி, சுள்ளியின் மேல் புல், அதன் மேல் வேரோடு வெட்டியெடுத்த புல்தரைப் பாளங்கள். ஒரு பக்கம் அடுப்பு, புகைபோக்கி மட்டும் தரைக்கு மேலே தலைகாட்டும். எரிக்க விறகு ஏது? சூரியகாந்தித் தண்டு, வில்லோக் குச்சி, காட்டெருமைச் சாணம். நாம் தட்டிக் காயவைக்கிற வரட்டி போலத்தான், என்ன, இதைத் தட்ட ஆள் தேவைப்படவில்லை, விழுந்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. எருமைகளைத் துப்பாக்கிக்காரர்கள் அதற்குள் அநேகமாகத் தீர்த்துவிட்டிருந்தார்கள். சாணமும் எலும்பும்தான் மிச்சம். எலும்பைப் பொறுக்கி விற்றும் சிலர் காசு பார்த்தார்கள், உர ஆலைகளுக்குப் போயிற்று.

குழிவீடு குளிரில் கதகதப்பு, கோடையில் குளுமை. மழையில்தான் நரகம். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கூரைப் புல்லில் பாம்பு குடியிருக்கும். சமைக்கிற சட்டியில் மண் விழாமல் இருக்கக் கூரைக்கடியில் துணி கட்டுவார்கள்.

1878 வசந்தத்தில் கென்டக்கியின் ஸ்காட் கவுண்டியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஹிக்மன் என்ற போதகரும் அவர் மனைவி வில்லியானாவும் இருந்தார்கள். எல்லிஸ் நகரில் ரயிலைவிட்டு இறங்கிய இடத்திலேயே பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. சில பிள்ளைகளை அங்கேயே புதைத்தார்கள். பிறகு முப்பது மைலுக்கு மேல், பாதையே இல்லாத புல்வெளியில், திசைகாட்டியை நம்பி வண்டிப் பயணம். கடைசியில் ஆண்கள் ‘அதோ நிக்கோடிமஸ்’ என்று கத்துகிறார்கள். வில்லியானா கண்ணை அகல விரித்துத் தேடுகிறார், ஊரைக் காணோம். கணவர் தரையிலிருந்து அங்கங்கே எழும் புகையைக் காட்டுகிறார். வில்லியானாவுக்கு அழுகை வந்துவிட்டது. முதுமையில் அவரே சொன்ன நினைவு இது.

அழுதது அவர் மட்டுமல்ல. முந்தைய செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்தபோது, பலர் மறுநாளே மூட்டை கட்டிவிட்டார்கள். குடியேற அழைத்த துண்டுப் பிரசுரத்தில் ஊர் என்று போட்டிருந்தது, வந்து பார்த்தால் குழிகள். ஊரை அளந்து விற்ற டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரைத் தூக்கில் போடுவோம் என்று மிரட்டும் அளவுக்குக் கோபம்.

அந்தக் கோபத்தை நான் ஒரு நொடியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தங்கியவர்கள் தோண்டிய அந்தக் குழி வெறும் ஒண்டுமிடம் அல்ல. மனு போட்ட ஆறு மாதத்துக்குள் நிலத்தில் குடியேறியாக வேண்டும் என்பது விதி. குடியேறினேன் என்று காட்ட ஒரு வீடு வேண்டும். சட்டம் மரவீடு கேட்கவில்லை, கல்வீடு கேட்கவில்லை. சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த இடமாக இருந்தால் போதும். மண்வெட்டி போட்ட அந்த முதல் நாளே 160 ஏக்கருக்கான வழக்கின் முதல் ஆதாரம் தயாராகிவிட்டது. நெடுங்காலம் அடுத்தவர் சொத்தாகக் கணக்கில் எழுதப்பட்டவர்களை, ‘என் வீடு’ என்று அரசுப் படிவத்தில் சொல்ல வைத்த குழி அது.

இதைவிடப் பெரிது சாட்சி. இங்கேதான் என் வாரம் போயிற்று.

கென்டக்கி தென்மாநிலங்களோடு சேர்ந்து பிரிந்து போகவில்லை. அதனால் 1863-ன் விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லுபடியாகவில்லை. 1865 டிசம்பரில் பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்துதான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்த பிறகும் ஒரு பூட்டு தொங்கியது: மாநில நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு எதிராகக் கருப்பினத்தவர் சாட்சி சொல்லக் கூடாது.

அந்தப் பூட்டு என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு வழக்கு. 1868 ஆகஸ்ட், கென்டக்கியின் லூயிஸ் கவுண்டி. ஃபாஸ்டர் என்ற கருப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் இரண்டு வெள்ளையர் கோடரியோடு புகுந்தார்கள். லூசி ஆம்ஸ்ட்ராங் என்ற பார்வையற்ற மூதாட்டி உட்பட நால்வர் இறந்தார்கள். உயிர் தப்பிய சிறுமி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஆனால் மாநில நீதிமன்றத்தில் அவள் பார்த்தது பார்க்காததற்குச் சமம். அதனாலேயே வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் எடுத்து நடத்தியது, குற்றம் உறுதியானது. 1872-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இந்த வழக்கை விசாரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று தீர்ப்பை ரத்து செய்தது. கண்ணால் கண்ட சாட்சி இருந்தும், அந்தச் சாட்சியின் தோல் நிறம் வழக்கைத் தின்றுவிட்டது. அதே 1872-ல்தான் கென்டக்கி தன் சாட்சிச் சட்டத்தை மாற்றியது.

ஐந்தே வருடம் கழித்து அதே மாநிலத்து மக்கள் கான்சாஸில் குழி தோண்டுகிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐந்து வருடக் கெடு முடிந்து நில அலுவலக அதிகாரி முன் போய் நிற்கிறார்கள். இவர் இந்த நிலத்தில்தான் குடியிருந்தார், நான் பார்த்தேன், இத்தனை ஏக்கர் உழுதார், நான் பார்த்தேன் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். அதிகாரி எழுதிக்கொள்கிறார். அந்தச் சொல்லின் பேரில் அமெரிக்க அரசு 160 ஏக்கருக்குப் பட்டா எழுதிக் கொடுக்கிறது. எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டாலும் அந்தச் சாட்சி சாட்சிதான். நகராட்சி முத்திரை ஒன்றும் இல்லாத ஊரை இத்தனை வருடம் நிலத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்தது இந்தச் சத்தியங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். நூறு வருடத்துக்கு மேல் கழிந்தும் அந்த முதல் குடும்பங்களின் வாரிசுகள் சிலர் கையில் நிலம் இருந்திருக்கிறது.

சாட்சி சொல்ல நிலம் எது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? மேடும் மரமும் இல்லாத வெளியில் நாலா பக்கமும் ஒரே மாதிரி. அரசு நில அளவையாளர்கள் ஏற்கெனவே சதுரம் சதுரமாகப் பிரித்து மூலைக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புல்லுக்குள் அந்தக் கல்லைத் தேடிப்பிடித்து, உன் 160 ஏக்கர் இங்கே தொடங்குகிறது என்று காட்டுவது ஒரு தனித் தொழில். 1878-ல் நிக்கோடிமஸுக்கு அந்தத் தொழிலோடு வந்த இரண்டு இளைஞர்கள் ஏப்ரம் ஹாலும் எட்வர்ட் மெக்கேபும். மூலைக்கல் காட்டிய அந்த மெக்கேப், 1882 தேர்தலில் கான்சாஸ் மாநிலத்தின் தணிக்கையாளராகவே ஜெயித்தார். அவரைப் பற்றி ஓர் இதழ் முழுக்க எழுத வேண்டும், எழுதுவேன்.

அந்த ஐந்து வருடக் கெடுவின் முதல் குளிர்காலத்தை வேகமாகக் கடக்கிறேன், அது தனிக் கதை. காலனி முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் குதிரைகள். மண்வெட்டியாலேயே நிலம் கொத்திக் கோதுமை போட்டவர்கள் உண்டு. வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்று ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

படிவத்தில் இன்னொரு கிளை உண்டு, அதுதான் நம்மை ரயிலடிக்குக் கூட்டிப்போகும். நிரூபணத்துக்குப் போகும்முன் மனுதாரர் தன் சாட்சிகளின் பெயரோடு உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. மேற்கு கான்சாஸின் குட்டிப் பத்திரிகைகள் பலவற்றுக்கும் இந்த அறிவிப்புக் காசுதான் சோறு. நிக்கோடிமஸில் 1886-ல் ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’, 1887-ல் ‘எண்டர்பிரைஸ்’ என்று இரண்டு பத்திரிகைகள். இவ்வளவு சிறிய ஊருக்கு இரண்டு! இரண்டும் ரயில் வேண்டும் ரயில் வேண்டும் என்று எழுதின. 1887-ல் ஊர் மக்கள் மிசூரி பசிபிக் ரயில்வேக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தர வாக்களித்தார்கள். பிறகு நடந்ததும், ஆற்றுக்குத் தெற்கே போக் என்ற ஊர் முளைத்து நிக்கோடிமஸின் கடைகளை இழுத்துக்கொண்டதும் அடுத்த வாரம்.