பலகைக்கு முன் பூட்ஸ்

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். தை மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்காத ஊர். இங்கே ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர் லீவைச் சேர்த்துவைத்துக் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கக் கிளம்பினால், முதலில் கேட்பது, “எந்தப் பலகை வாங்கலாம்?” என்பதாகத்தான் இருக்கும். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால், வாடகைப் பலகையையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எந்தப் பனிக்கு எது?

காலடிக்கு நேர்கீழே பலகை எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். சமன்செய்த சரிவுக்கு 70 முதல் 85 மில்லிமீட்டர் போதும். கோண்டோலா என்னும் ரோப் காரில் 3,900 மீட்டருக்கு மேல் ஏறி, அபர்வத் மலையின் புதுப்பனியில் இறங்குபவர்களுக்கு 100-க்கு மேல் வேண்டும். குறுகிய பலகை அங்கே புதைந்துவிடும். கொசஸ்தலை ஆற்றுக்கு ஒரு படகு, எண்ணூர்க் கடலுக்கு ஒரு படகு என்பதுபோலத்தான். கற்றுக்கொள்பவருக்கு அபர்வத் உச்சியில் வேலையில்லை.

நீளம், நிமிர்த்தி வைத்தால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே நிற்கட்டும். 165 செ.மீ. உயரமானவருக்குச் சுமார் 150 செ.மீ. உடல் எடை கூடுதலென்றால் சற்றே நீளமாக எடுக்கலாம். வளைந்துகொடுக்கும் மென்மையான பலகை, தொடக்கத்தில் செய்யும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். 1993-இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடை சிறுத்த பலகையைக் கொண்டுவந்தபின் திரும்புவது எளிதாயிற்று. அதற்கு முந்தைய நெட்டைப் பலகையை மலிவென்று தந்தாலும் வேண்டாம்.

பொய் சொல்லக் கூடாத இடம்

பூட்ஸைப் பலகையோடு பிடித்திருப்பது பைண்டிங். விழும்போது அது கழன்றுகொள்ள வேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், திறமை ஆகியவற்றை வைத்து அதன் இறுக்கத்தைக் கணக்கிடுவார்கள். நண்பர்கள் முன்னால் எடையைக் குறைத்துச் சொன்னால் நடுச்சரிவில் பலகை கழன்று ஓடும். திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும்.

ஒரு ஜோடி சாக்ஸ் போதும்

அதிக நேரம் செலவிட வேண்டியது பூட்ஸில்தான். அதன் அளவு பாதத்தின் சென்டிமீட்டர் நீளம், 26.5 செ.மீ. பாதத்துக்கு 26.5. நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கம் லேசாக உரசவும், முழங்காலை மடக்கினால் விலகவும் வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப்போகும்.

வாங்குவதானால்...

இரண்டு மூன்று பருவம் போய்வந்தும் ஆசை விடவில்லையென்றால், முதலில் பூட்ஸ் வாங்குங்கள். பலகை வாடகையிலேயே இருக்கட்டும். பனியே இப்போது நிச்சயமில்லை. 2025-இல் குல்மார்க் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனியில்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. தவிர, பலகையின் ஓரம் எஃகு. அத்திப்பட்டின் உப்புக்காற்றில் பதினோரு மாதம் பரணில் கிடந்தால் துருதான் மிஞ்சும். அந்தப் பணத்தில் பயிற்சியாளரை இன்னும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.