சக்கரத்தில் ஏறும் இரும்புத் தூளும் அதைக் கழுவும் மருந்தும்

ஒரு வாரம் ஓடிய காரின் அருகே குனிந்து சக்கரங்களைப் பாருங்கள். முன் சக்கரம் இரண்டும் கருகருவென்று இருக்கும். பின் சக்கரங்கள் அந்த அளவுக்கு இருக்காது. சாலைப் புழுதிதான் காரணம் என்றால் நான்கும் ஒரே மாதிரி அல்லவா கறுத்திருக்க வேண்டும்? பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் வந்து இறங்குகிறது. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் மூடிய பிரேக்; தன் தூளில் பெரும்பகுதியை உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். டிஸ்க் திறந்து கிடப்பதால் அதன் தூள் நேராகச் சக்கரத்தில் போய் ஒட்டுகிறது.

அந்தத் தூளில் இருப்பது வெறும் பிரேக் பேடு மட்டுமல்ல. பேடு அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பேடு தேயும்போது அதுவும் கூடவே தேய்கிறது. சூடாகப் பறக்கும் இரும்புத் துணுக்குகள் சக்கரத்தின் பெயின்ட் மேல் விழுந்து பதிந்துவிடுகின்றன. பிறகு மழை ஈரமோ கடற்கரைக் காற்றோ பட்டால் அங்கேயே துருப்பிடிக்கின்றன. கழுவிய சக்கரத்தின் மேல் விரலை ஓட்டும்போது மணல்தாள் மாதிரி சொரசொரப்பு தட்டுகிறது என்றால் அது இந்தத் துணுக்குகள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 விதிகள் புகைக்குழாயோடு நிற்காமல் பிரேக்கிலிருந்து பறக்கும் நுண்தூளுக்கும் முதல்முறையாக வரம்பு வைத்திருக்கின்றன: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். 7 மில்லிகிராம் என்பது காதில் விழும்போது ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். 10,000 கிலோமீட்டர் ஓடிய காருக்குக் கணக்குப் போட்டால் 70 கிராம் வருகிறது.

வாரா வாரம் கழுவுகிறவருக்குச் சாதாரணக் கார் ஷாம்புவும் தண்ணீருமே போதும். தூள் பதிந்து இறுகும் முன் அது கழன்றுவிடும். பல மாதம் விட்டுவிட்டு ஒரே நாளில் பளபளப்பு வேண்டும் என்னும்போதுதான் சிக்கல். வாட்டர் வாஷ் கடைகள் சிலவற்றில் ஒரு கேன் இருக்கும். அதிலிருப்பதைத் தெளித்து ஒரு நிமிடம் விட்டு பிரஷால் தேய்த்தால் சக்கரம் புதிதாகத் தெரியும். கேனில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘ஆசிட்’ என்று மட்டும் பதில் வரும். எந்த ஆசிட் என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியம். வார்ப்புக்கு உதவச் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்த்திருப்பார்கள். அலுமினியம் துருப்பிடித்து உதிராமல் இருப்பதற்குக் காரணம், காற்று பட்டவுடன் அதன் மேல் தானாகவே உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். இந்தப் படலம் ஏறத்தாழ பி.எச். 4 முதல் 9 வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் அமிலம் அதைக் கரைக்கும். அதற்கு மேலே போனால் காரம் கரைக்கும். இரண்டு பக்கமும் கரையக்கூடிய உலோகம் இது. கடையில் ‘ஆசிட் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பாட்டிலை நம்பிக்கையோடு எடுக்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதற்குள் காஸ்டிக் சோடாவோ சோடியம் மெட்டாசிலிகேட்டோ இருக்கலாம், அதன் பி.எச். 13 கூட இருக்கலாம். பி.எச். ஒரு எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. காஸ்டிக் சோடா வெற்று அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் குமிழி விட்டுக்கொண்டே உலோகத்தை அரிக்கும். மேற்பரப்பு சாம்பல் பூத்து மங்கிவிடும். அந்த மங்கலைத் துடைத்து எடுக்க முடியாது. மறுபடி பாலிஷ் போடுவதுதான் வழி.

பெரும்பாலான அலாய் வீல்களில் அலுமினியத்துக்கு மேல் பெயின்ட்டும் அதற்கு மேல் கிளியர் கோட்டும் இருக்கும். அவை முழுசாக இருக்கும்வரை உலோகம் தப்பிக்கும். ஆனால் நடைபாதைக் கல்லில் உரசாத அலாய் வீலை நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும். குறிப்பாக ‘டயமண்ட் கட்’ என்று விற்கும் சக்கரங்களில், முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவி, மின்னும் அலுமினியத்தின் மேல் நேராகக் கிளியர் கோட்டை மட்டும் பூசியிருப்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே உப்பும் ஈரமும் மருந்தும் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம்போல் அரிப்பு பரவும். மேலிருந்து எதைத் தேய்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அது பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அப்படிப்பட்ட சக்கரத்துக்கு நடுநிலைக் கிளீனர் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

சக்கரம் கெட்டால் வேறு வாங்கலாம். கழுவுகிறவரின் கைதான் எனக்குப் பெரிய கவலை. வலுவான சக்கரக் கிளீனர்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், அல்லது தண்ணீரில் கரைந்து அதையே உண்டாக்கும் அம்மோனியம் பைஃபுளோரைடு இருக்கும். வேதியியல் பாடத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு ‘வீரியம் குறைந்த அமிலம்’ என்று பெயர். தண்ணீரில் அது முழுதாகப் பிரிவதில்லை என்பதே அதன் பொருள். ஆபத்து குறைவு என்று பொருளில்லை. பிரியாத அந்த மூலக்கூறுகள் தோலைத் தாண்டி எளிதாக உள்ளே இறங்குகின்றன. உள்ளே போன ஃபுளோரைடு, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் கால்சியம் வெகுவாகக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மருந்து நீர்த்ததாக இருந்தால் பட்டவுடன் எரிச்சல்கூடத் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, விரல் நுனியில் தாங்க முடியாத வலி தொடங்கும். செருப்புக்கூட இல்லாமல், வெறுங்கையால் பிரஷ் பிடித்து நாள் முழுக்க இதைத் தேய்க்கும் இளைஞர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வலி இல்லாவிட்டாலும், பாட்டிலின் பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கான முதலுதவி மருந்து கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. சாதாரணத் தீக்காய மருந்து இதற்கு ஈடாகாது.

இந்த அமிலத்தின் விஷயத்தில் பி.எச். எண்ணை மட்டும் நம்பியும் பயனில்லை. பைஃபுளோரைடு கரைசலின் பி.எச்., கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்குள் செய்யும் கேடு அதைவிடப் பெரியது. ஆகவே பொருளின் பெயரைப் படித்தாக வேண்டும். தயாரிப்பாளர்கள் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் ஏட்டில் 16 பிரிவுகள் உண்டு. இரண்டாவதில் ஆபத்துகளும், மூன்றாவதில் சேர்மானமும், ஒன்பதாவதில் பி.எச். அளவும் இருக்கும். ‘ஃபுளோரைடு’ என்ற சொல் எங்கே தென்பட்டாலும் அந்த பாட்டில் வீட்டுக்கு வேண்டாம். சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரத்துக்குள் கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டும் படம் இருந்தாலும் யோசியுங்கள். லேபிளே ஒட்டாத கேனுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, வாங்கவே கூடாது.

அப்படியானால் பதிந்துபோன இரும்பை எப்படி எடுப்பது? கார் டீட்டெய்லிங் கடைகளில் ‘அயர்ன் ரிமூவர்’ என்று கிடைக்கிறது. இதில் வேலை செய்யும் பொருள் தயோகிளைகோலேட் உப்பு. முடி நீக்கும் கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பம்தான், அந்தக் கந்தக வாடையும் அப்படியே இருக்கும். தெளிக்கும்போது நிறமற்று இருக்கும் திரவம், இரும்புத் துணுக்கைத் தொட்ட இடத்தில் முதலில் ஒரு ஊதாப் புள்ளியாகிறது. புள்ளிகள் பெருகி, ஸ்போக்குகளின் வழியே கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வழிகிறது. எங்கே இரும்பு இருக்கிறதோ அங்கே மட்டும் நிறம் வருவதால், எந்த இடத்தில் இன்னும் வேலை பாக்கி என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். இவற்றில் நடுநிலை பி.எச். கொண்டவை நிறையவே கிடைக்கின்றன. இதற்கும் கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். காய விடாமல் கழுவிவிட வேண்டும். தார்ப் புள்ளிக்கு இது உதவாது. அதற்குத் தனியாகத் தார் நீக்கி உண்டு.

எதை வாங்குவது என்பதற்கு முன் உங்கள் சக்கரத்தின் மேல்தோல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படை மாடல் கார்களில் வரும் ஸ்டீல் ரிம்முக்கும் அதன் பிளாஸ்டிக் வீல் கவருக்கும் ஷாம்புவே தாராளம். பூச்சில்லாமல் பாலிஷ் மட்டும் செய்த அலுமினியமும், அனோடைஸ் செய்ததும், குரோம் முலாம் பூசியதும் மிகவும் நொய்மையானவை. நடுநிலை தவிர வேறெதுவும் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி தேய்த்துப் பழகிய நம் வீடுகளில், எலுமிச்சையும் வினிகரும் இயற்கையானவை, எதற்கும் ஆகும் என்றொரு எண்ணம் உண்டு. அவற்றின் பி.எச். 2, 3 என்ற அளவில்தான் இருக்கும்; வெற்று அலுமினியத்துக்கு அதுவும் அமிலமே.

சென்னையிலும் பல ஊர்களிலும் வண்டி கழுவுவது போர்த் தண்ணீரில். வெயிலில் காய்ந்தால் சக்கரத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும், அதைப் போக்கத்தான் பலர் ஆசிட்டைத் தேடுகிறார்கள். ஒரு மைக்ரோஃபைபர் துணியால் உடனே துடைத்துவிட்டால் அந்தத் தேவையே எழாது.

ஓடி வந்த வண்டியின் சக்கரம் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். சூட்டில் தெளித்த மருந்து அங்கேயே சுண்டிப்போய் கறை பிடிக்கும். நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக, முதலில் தண்ணீர் அடித்து, பிறகு கிளீனர், பிறகு தாராளமாகத் தண்ணீர். உலர்ந்த பிரேக் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சில் போகும். சக்கரத்துக்கென்று தனி பிரஷ், தனி துணி வைத்துக்கொள்ளுங்கள், அதே துணி பானெட்டுக்குப் போனால் இரும்புத் துணுக்கு பெயின்ட்டைக் கீறும். டயருக்குப் போடும் பாலிஷை ஸ்பிரேயாக அடிக்காமல் ஸ்பாஞ்சில் எடுத்துப் பூசுங்கள். அந்த எண்ணெய்ப்பசை டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும்.

கழுவி முடித்ததும் வண்டியை மெதுவாக நகர்த்தி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். டிஸ்க்கிலுள்ள ஈரம் போய்விடும். மறுநாள் காலையில் டிஸ்க்கின் மேல் இளஞ்செம்மஞ்சளாக ஒரு துரு தெரியலாம். வார்ப்பிரும்பு நனைந்தால் அப்படித்தான் ஆகும். முதல் சில பிரேக்கிலேயே பேடு அதைத் தேய்த்து எடுத்துவிடும், அதற்கென்று எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம்.